43 பைட் போதும்!

இந்த வாரம் எடுத்த எடுப்பிலேயே ஒரு டெஸ்ட். உங்க செல்போன்ல வைஃபையை ஆஃப் பண்ணுங்க. சிம் கார்டைக் கழற்றி சட்டைப் பையில போட்டுக்கோங்க. இப்போ பக்கத்துத் தெரு நண்பனுக்கு 'சாப்ட்டியா?'னு ஒரே ஒரு மெசேஜ் அனுப்புங்க பார்ப்போம்.

போகலை இல்ல? கையில இருக்கிறது இருபதாயிரம் ரூபாய் போன். நண்பன் வீடு இருநூறு மீட்டர்தான். மாடியில நின்னு கத்தினா அவனுக்குக் கேட்கும். ஆனா போன் கத்தினா கேட்காது! ஏன்னா, உங்க போனுக்கு உங்க நண்பனைத் தெரியாது. டவரை மட்டும்தான் தெரியும்.

இந்த உண்மை எனக்கு உறைச்சது 2023 டிசம்பர்ல. மிக்ஜாம் புயல் ஞாபகம் இருக்கா? நான் அப்போ ஃபர்ஸ்ட் இயர். எங்க வீடு செம்பாக்கம். தாத்தா மட்டும் தனியா ராஜகீழ்ப்பாக்கத்துல இருக்கார். நடுவுல ரெண்டு கிலோமீட்டர்கூட இல்லை. மூணாம் தேதி ராத்திரி கரன்ட் போச்சு. நாலாம் தேதி மதியம் சிக்னலும் போச்சு. தாத்தாவுக்கு பி.பி., சுகர் ரெண்டும் உண்டு. மாத்திரை இருக்கா, வீட்டுக்குள்ள தண்ணி வந்துடுச்சா, எதுவும் தெரியாது. அப்பா போனைக் கையில வெச்சுக்கிட்டு வீட்டுக்குள்ளேயே நடந்துகிட்டு இருந்தார்.

அஞ்சாம் தேதி காலையில நானும் அப்பாவும் கிளம்பிட்டோம். இடுப்பளவு தண்ணி. வழியில மூடி இல்லாத ஒரு கால்வாய்க்குள்ள அப்பாவோட கால் இறங்கிடுச்சு. நான் சட்டையைப் பிடிச்சு இழுத்தேன். பட்டன் ரெண்டு தெறிச்சது, ஆள் மிஞ்சினார். ஒன்றரை மணி நேரம் கழிச்சுப் போய்ச் சேர்ந்தா, தாத்தா மாடியில உட்கார்ந்து பன்னை டீயில தொட்டுச் சாப்பிட்டுகிட்டு இருக்கார்! எங்களைப் பார்த்ததும், "ஏன்டா இந்தத் தண்ணியில வந்தீங்க? ஒரு போன் பண்ணியிருக்கக் கூடாதா?"ன்னார்.

அப்பா சிரிச்சார். ஆனா திரும்பி வரும்போது ரெண்டு பேரும் ஒரு வார்த்தை பேசலை.

எங்களுக்கு அன்னிக்குத் தேவைப்பட்டது வீடியோ கால் இல்லை, இன்டர்நெட்கூட இல்லை. தாத்தாகிட்ட இருந்து 'நல்லா இருக்கேன்'னு ஒரே ஒரு வரி. கம்ப்யூட்டர் கணக்குல அது 43 பைட். அவ்வளவுதான்! அந்த 43 பைட்டை டவர் இல்லாம ரெண்டு கிலோமீட்டர் தாண்ட வைக்க முடியுமா? முடியும். அதுக்குப் பேர்தான் மெஷ் நெட்வொர்க்.

பிட் பேப்பர் தத்துவம்

செல்போன் நெட்வொர்க் ஒரு நட்சத்திரம் மாதிரி. நடுவுல டவர், சுத்தி நாம. நடுவுல இருக்கிறது படுத்தா எல்லாரும் ஊமை. டவருக்கும் கரன்ட் வேணும். கரன்ட் போனா பேட்டரி, பேட்டரி தீர்ந்தா டீசல். ரோடே ஆறா ஓடும்போது டீசல் எப்படி வரும்?

மெஷ்ல நடுன்னு ஒண்ணு கிடையாது. நம்ம பாஷையில சொல்லணும்னா, கிளாஸ்ல பிட் பேப்பர் பாஸ் பண்ற கதை. கடைசி பெஞ்ச்ல இருந்து முதல் பெஞ்ச்சுக்குத் துண்டுச் சீட்டு போகணும். நேரா தூக்கிப் போட்டா மாட்டிப்போம். அதனால பக்கத்துல இருக்கிறவன்கிட்ட கொடுப்போம். அவன் பேரைப் பார்த்துட்டு அடுத்தவனுக்குத் தள்ளுவான். நடுவுல ஒருத்தனை வாத்தியார் எழுப்பி விட்டுட்டாரா? சீட்டு ஜன்னலோரமா சுத்திப் போகும். யாரும் திட்டம் போட்டுக் கொடுக்கலை. ஆனா சீட்டு போய்ச் சேரும். இதைத்தான் 'செல்ஃப் ஹீலிங்'னு புத்தகத்துல பெருமையா எழுதியிருக்காங்க.

ஒரு வைஃபை மெஷ்ஷைப் பிரிச்சுப் பார்த்தா மூணு கேரக்டர்தான். ஒண்ணு கேட்வே: வெளி இன்டர்நெட்டோட ஒட்டியிருக்கிற வாசல். ரெண்டாவது மெஷ் ரௌட்டர்: மொட்டை மாடியில உட்கார்ந்து அடுத்தவங்க டேட்டாவைக் கை மாத்தி விடுற புண்ணியவான். மூணாவது கிளையன்ட்: நம்ம போன், லேப்டாப். கிளையன்டுக்குப் புது சாஃப்ட்வேர் எதுவும் வேண்டாம். பக்கத்து ரௌட்டரோட சாதாரண வைஃபை மாதிரி ஒட்டிக்கும். கேட்வே செத்தாலும் உள்ளூர்ப் பேச்சு நிக்காது. அமெரிக்காவோட பேச முடியாது. அடுத்த தெருவோட பேசலாம். புயல் நேரத்துல நமக்கு எது முக்கியம்?

'மெஷ் வைஃபை'னு கடையில ரெண்டு மூணு டப்பா சேர்த்து விக்கிறாங்களே, அதுவும் இதே ஐடியாதான். என்ன, ஒரு வீட்டோட நின்னுடும். நாம பேசுறது ஒரு ஊரைப் பத்தி.

பிள்ளையார் கோயில்கிட்ட கேளுங்க!

சரி, எந்த வழியில போகணும்னு டப்பாவுக்கு எப்படித் தெரியும்? ரெண்டு ஸ்டைல் இருக்கு.

முதல் ஸ்டைல், ஓ.எல்.எஸ்.ஆர். 2003-ல வெளியான புரோட்டோகால். ஒவ்வொரு டப்பாவும் அடிக்கடி 'ஹலோ' சொல்லி, யாருக்கு யார் பக்கத்து வீடுன்னு தெரிஞ்சுக்கும். கடைசியில எல்லார்கிட்டயும் ஊர் மேப் முழுசா இருக்கும். ஊர் பெருசானா மேப்பும் பெருசாகும், டப்பா திணறும்.

அதனால பெர்லின்ல ஃப்ரைஃபுங்க்னு ஒரு குரூப், தங்களோட சொந்த மெஷ்ஷுக்காக வேற மாதிரி யோசிச்சாங்க. அதுதான் பேட்மேன். சூப்பர் ஹீரோ இல்லை பாஸ், ரௌட்டிங் புரோட்டோகால்! இதுல யார்கிட்டயும் முழு மேப் கிடையாது. நம்ம ஊர்ல அட்ரஸ் கேட்டா டீக்கடை அண்ணன் என்ன சொல்வார்? "நேரா போங்க தம்பி, பிள்ளையார் கோயில்கிட்ட கேளுங்க." அவ்வளவுதான். அந்தத் திசைக்கு எந்தப் பக்கத்து வீடு பெஸ்ட்டுன்னு மட்டும் தெரிஞ்சா போதும். 2011-ல லினக்ஸ் கெர்னலுக்குள்ளேயே இதைச் சேர்த்துட்டாங்க. வைஃபைக்கான அதிகாரபூர்வ மெஷ் தரமான 802.11எஸ் வந்ததும் அதே வருஷம்தான்.

இதுல எனக்கு ரொம்பப் பிடிச்ச மேட்டர், எம்.ஐ.டி. ஆளுங்க 2003-ல சொன்ன ஒரு கணக்கு. தங்களோட ஊர் மாடிகள்ல 'ரூஃப்நெட்'னு ஒரு மெஷ் கட்டினவங்க அவங்க. குறைஞ்ச தாவல்ல போற வழிதான் நல்ல வழின்னு நாம நினைப்போம். தப்பு! ஒரு நீளமான லிங்க்ல போகும்போது பாதி, பதில் வரும்போது பாதி தொலையுதுன்னு வைங்க. 0.5 பெருக்கல் 0.5, அதாவது 0.25. ஒரு பாக்கெட் போய்ச் சேர சராசரியா 4 தடவை அனுப்பணும். அதே தூரத்தை ரெண்டு குட்டி லிங்க்கா உடைச்சு, ஒவ்வொண்ணுலயும் ரெண்டு பக்கமும் 90 சதவிகிதம் போய்ச் சேருதுன்னா? ஒரு தாவலுக்கு சுமார் 1.23 தடவை, ரெண்டுக்கும் சேர்த்து 2.47. சுத்து வழிதான் சீக்கிரம்! கேம்ப் ரோடு சிக்னல்ல ஈவ்னிங் ஆறு மணிக்கு மாட்டினவங்களுக்கு இதைத் தனியா விளக்கத் தேவையில்லை.

இமயமலையில ஒரு மெஷ்

'இதெல்லாம் வெளிநாட்டுக் கதைப்பா'ன்னு நினைக்கிறவங்களுக்கு... நம்ம நாட்டுலயே இருக்கு. இமாச்சலப் பிரதேசத்துல திபெத்திய அகதிகள் வாழ்ற தர்மசாலா. 2005 ஜனவரியில மத்திய அரசு 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையை வெளியிடத்துல பயன்படுத்த லைசென்ஸ் தேவையில்லைன்னு அறிவிச்சது. அடுத்த மாசமே அங்க மெஷ் ரெடி! பின்னாடி ஏர்ஜால்டின்னு பேர் வாங்கின டீம் அது. பிப்ரவரி முடியறதுக்குள்ள 8 வளாகங்களை இணைச்சுட்டாங்க. அப்புறம் முதுகெலும்பா 30-க்கும் மேல நோட்கள், 2,000-க்கும் மேல கம்ப்யூட்டர்கள்னு வளர்ந்தது.

ஏன் மெஷ்? மலை குறுக்க நிக்கும். ஒரே டவர் வெச்சு எல்லா இடத்தையும் பார்க்க முடியாது. ஒரு மேட்டுல இருந்து அடுத்த மேடு, அங்கிருந்து அதுக்கடுத்ததுன்னு தாவித்தான் போகணும். கரன்ட் வேற எப்போ வரும், எப்போ போகும்னு தெரியாது. ஒரு நோட் படுத்தா டேட்டா வேற வழியில சுத்திப் போச்சு. இவ்வளவுக்கும் வில்லன் யார் தெரியுமா? குரங்கு! கேபிளைக் கடிச்சு, ஆன்டெனாவைப் பிடிச்சு ஊஞ்சல் ஆடியிருக்கு. எந்த டெக்ஸ்ட் புக்லயும் இல்லாத பாடம் இது.

இன்னொரு பாடமும் உண்டு. ஒரே ரேடியோ, ஒரே சேனல்னா, ஒரு டப்பா ஒரே நேரத்துல கேட்கவும் பேசவும் முடியாது. அதனால ஒரு தாவல்ல 24 எம்பிபிஎஸ் கிடைச்சா, ரெண்டு தாவல்ல 12, மூணு தாவல்ல 8-ன்னு கரையும். இதைச் சமாளிக்க ரெண்டு ரேடியோ வைப்பாங்க: ரௌட்டர்கள் தங்களுக்குள்ள பேச ஒண்ணு, நம்ம போனோட பேச ஒண்ணு. கேட்வேக்களையும் அங்கங்க பரப்பி வைப்பாங்க. மெஷ்ங்கறது மேஜிக் இல்லை, பாஸ். வேகத்தைக் கொடுத்து உறுதியை வாங்குற பண்டமாற்று.

தேனி சொன்ன பாடம்

தமிழ்நாட்டுக்கு வருவோம். தேனியில அரவிந்த் கண் மருத்துவமனை தன்னோட கிராமத்துக் கண் மையங்களை வைஃபையிலேயே இணைச்சது. பெர்க்லி பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர்கள் கூட்டு. கிராமத்துல உட்கார்ந்திருக்கிற பாட்டி கண்ணை, தேனியில இருக்கிற டாக்டர் வீடியோவில பார்ப்பார். 5 மையங்கள், 9 லிங்க்குகள், 1-ல இருந்து 15 கிலோமீட்டர் வரைக்கும் தூரம். சில ஆன்டெனா கோபுரத்துல, சிலது மாடிக் கம்பத்துல, ஒண்ணு ஆலைப் புகைபோக்கி மேல! கண்டிப்பா பார்த்தா இது மெஷ் இல்லை. ஒரு புள்ளியில இருந்து இன்னொரு புள்ளிக்கு நேர்க்கோடு. ஆனா அவங்க 2008-ல எழுதின அனுபவம் மெஷ் கட்டுற எல்லாருக்கும் பொருந்தும்: அதிகமா காலை வாரினது ரேடியோ இல்லை, கரன்ட்! திடீர்னு ஏறி இறங்குற வோல்டேஜ்ல கருவிகள் கருகிப் போறதும், பேட்டரி வீணாப் போறதும்தான் பெரிய தலைவலி.

அதனால கணக்குப் போட்டுப் பார்த்தேன். ஒரு ரௌட்டர் 6 வாட்ஸ் சாப்பிடுதுன்னு வைங்க. மூணு நாள், அதாவது 72 மணி நேரத்துக்கு 432 வாட்-அவர். நம்ம வீட்டு இன்வெர்ட்டர் பேட்டரி 12 வோல்ட், 150 ஆம்பியர்-அவர். பேப்பர்ல 1,800 வாட்-அவர். பாதிதான் உருப்படியா கிடைக்கும்னாகூட, ஃபேன், லைட்டைத் தியாகம் பண்ணினா ஒரு ரௌட்டர் ஆறு நாள் தாங்கும். என்ன, அந்த பேட்டரி மாடியில இருக்கணும். எங்க தெருவுல பாதி வீட்டுல இன்வெர்ட்டர் படிக்கட்டுக்கு அடியில. மிக்ஜாம்ல முதல்ல முழுகினதே அதுதான்!

மொட்டை மாடிக்கு வாங்க

ஊர்ல மெஷ் போடணும்னா முதல் வேலை மாடி ஏறிப் பார்க்கிறதுதான். அடுத்த நோட் கண்ணுக்குத் தெரியணும். தெரிஞ்சா மட்டும் போதாது. ரேடியோ அலை நூல் மாதிரி போகாது. நடுவுல வயிறு பெருத்த வாழைப்பழம் மாதிரி போகும். ஒரு கிலோமீட்டர் தூரத்துக்கு, 2.4 கிகாஹெர்ட்ஸ்ல, நடுவழியில அந்த வயிறு அஞ்சரை மீட்டர் ஆரம். அதுல பெரும்பகுதி காலியா இருக்கணும். தென்னை மட்டை, மழையில நனைஞ்ச வேப்பமரம், தண்ணி நிறைஞ்ச சின்டெக்ஸ் டேங்க் எல்லாமே எதிரி. மார்ச் மாசம் டெஸ்ட் பண்ணிட்டு 'சூப்பர்'னு வந்துட்டு, டிசம்பர் மழையில ஏமாறக் கூடாது.

சட்டமும் இருக்கு. 2005 விதிப்படி ரேடியோவோட பவர் 1 வாட், ஆன்டெனாவோட சேர்த்து 4 வாட். ஆன்டெனா கூரைக்கு மேல 5 மீட்டரைத் தாண்டக் கூடாது. உங்க பிராட்பேண்டைத் தெருவுக்குப் பிரிச்சுக் காசு வாங்கலாம்னு பிசினஸ் மூளை வேலை செஞ்சா, அதுக்குத் தனி விதிகள் உண்டு. படிக்காம இறங்காதீங்க.

எங்க மூணு மாடி

இவ்வளவு படிச்சிட்டு சும்மா இருக்க முடியுமா? நானும் கிளாஸ்மேட்ஸ் ரெண்டு பேரும் காசு போட்டு மூணு குட்டி லோரா போர்டு வாங்கினோம். அதுல மெஷ்டாஸ்டிக்னு ஒரு இலவச சாஃப்ட்வேர் ஏத்தினோம். இது வைஃபை இல்லை. 865 மெகாஹெர்ட்ஸ் பக்கம் ஓடுறது. இதுவும் லைசென்ஸ் தேவைப்படாத அலைவரிசைதான். வேகம் ரொம்பக் கம்மி, தூரம் ஜாஸ்தி. படம் போகாது, பாட்டு போகாது, சுமார் 200 பைட் எழுத்து மட்டும் போகும். தமிழ்ல ஒரு குறியீட்டுக்கு 3 பைட். அதனால காதல் கடிதம் எழுத முடியாது. 'நல்லா இருக்கேன்'னு தாராளமா எழுதலாம்.

எங்க மாடியில ஒண்ணு, தாத்தா மாடியில ஒண்ணு. ஆன் பண்ணினோம். ஒண்ணும் வரலை! நடுவுல ஒரு அபார்ட்மென்ட் மலை மாதிரி நிக்குது. அப்போ மூணாவது போர்டு நடுவுல எங்கேயாவது உட்காரணும். யார் மாடியில?

இங்கதான் இன்ஜினீயரிங் முடிஞ்சு நிஜமான வேலை ஆரம்பிச்சது. நாலு வீட்டுக் கதவைத் தட்டினோம். 'கதிர்வீச்சு வருமா?' 'கரன்ட் பில் ஏறுமா?' 'எதுக்குப்பா வம்பு?' அஞ்சாவது வீட்டு ஆன்ட்டி கேட்ட கேள்விதான் உச்சம்: "என் வீட்டு வழியா போற மெசேஜ்ல வில்லங்கமா ஏதாவது இருந்தா நானா பொறுப்பு? சரி, இதுல எனக்கு என்னப்பா லாபம்?"

முதல் கேள்விக்குப் பதில் இருந்தது. நாங்க சொந்தமா ஒரு சாவி செட் பண்ணியிருக்கோம், நடுவுல இருக்கிற டப்பா மெசேஜைப் படிக்க முடியாது, தள்ளி மட்டும்தான் விடும்னு சொன்னோம். ரெண்டாவதுக்குப் பதில் இல்லை. உண்மையைச் சொல்லிட்டோம்: "இன்னிக்கு உங்களுக்கு ஒரு லாபமும் இல்லை ஆன்ட்டி." தாத்தா கதையையும் சொன்னோம். கொஞ்ச நேரம் பேசாம இருந்தாங்க. 2015 வெள்ளத்துல அவங்க தங்கச்சி முடிச்சூர்ல மாட்டிக்கிட்டு மூணு நாள் தகவலே இல்லையாம். "டேங்க் பக்கத்துல கட்டிக்கோ. காக்கா கூடு கட்டாம பார்த்துக்கோ"ன்னாங்க.

அன்னிக்கு சாயங்காலம் அஞ்சு அம்பதுக்கு தாத்தாகிட்ட இருந்து முதல் மெசேஜ். 'நல்லா இருக்கேன்'. அப்பா அதைப் படிச்சுட்டு போனைக் கீழேயே வைக்கலை.

ஆனா கதை அதோட முடியலை. தீபாவளிக்கு ஆன்ட்டி வீட்டுல வெள்ளையடிக்க ஆள் வந்தாங்க. நம்ம டப்பாவோட வயரைப் பிடுங்கிப் போட்டுட்டாங்க. ரெண்டு நாள் நாங்க மறுபடி ஊமை! அப்போதான் எனக்குப் புரிஞ்சது. நாங்க கட்டினது மெஷ்ஷே இல்லை, சங்கிலி. எங்க ஊர் ஏரி மாதிரி. செம்பாக்கம் ஏரி நிறைஞ்சா நன்மங்கலம் ஏரிக்கு, அங்கிருந்து பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்துக்குன்னு தண்ணி போக ஒரே பாதை. நடுவுல ஒரு இடம் அடைச்சா ஊர் முழுகும். மெஷ்ஷுக்கு உயிரே ரெண்டாவது பாதைதான். மூணு மாடி போதாது; நாலாவது வேணும். நாலாவது மாடி மட்டும் இருந்திருந்தா, வெள்ளையடிக்கிற அண்ணனைப் பத்தி எங்களுக்குக் கவலையே இல்லை.

நியூயார்க்ல, புரூக்ளின் பக்கம், ரெட் ஹூக்னு ஒரு ஏரியா. 2012 அக்டோபர்ல சாண்டி புயல் அடிச்சப்போ, உள்ளூர் அமைப்பு ஒண்ணு ஏற்கெனவே சின்னதா ஒரு வைஃபை மெஷ் போட்டு வெச்சிருந்தது. புயலுக்கு அப்புறம் பேரிடர் நிர்வாகத்துக்காரங்க ஒரு சாட்டிலைட் இணைப்பைக் கொண்டு வந்து அதுலயே சொருகினாங்க. ஜனங்க பேச ஆரம்பிச்சுட்டாங்க. அங்க ஜெயிச்சது டெக்னாலஜி மட்டும் இல்லை. 'ஏற்கெனவே'ங்கிற ஒரு வார்த்தை! புயல் வந்த பிறகு மாடி மாடியா ஏறி அனுமதி கேட்க முடியாது. ஆன்ட்டி மனசு மாற ஒரு சாயங்காலம் ஆச்சு. அந்தச் சாயங்காலம் மழைக்கு முன்னாடி நடக்கணும்.

அதனால இந்த வார ஹோம்வொர்க். இன்னிக்கு சாயங்காலம் மொட்டை மாடிக்குப் போங்க. உங்களுக்கு வேண்டியவங்க வீடு எந்தத் திசையில இருக்குன்னு பாருங்க. நடுவுல எந்த மாடி உயரமா நிக்குதுன்னு பாருங்க. அந்த வீட்டுக்காரங்க பேர் உங்களுக்குத் தெரியுமா? தெரியலைன்னா, போர்டு வாங்கறதுக்கு முன்னாடி அதைத் தெரிஞ்சுக்கோங்க.

நாங்க நாலாவது மாடிக்கு இந்த ஞாயித்துக்கிழமை கதவு தட்டப் போறோம். தாத்தாவும் கூட வர்றேன்னு அடம். "நான் கேட்டா யாரும் மறுக்க மாட்டாங்கடா"ங்கறார். பார்ப்போம்!